ஊரின் காது: திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காட்டேரிக்குப்பம் தொடங்கி மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் வட்டார ஊர்களில் கோயில் திருவிழா நடத்தும் குழுவினர் அனைவருக்கும்



ஓர் ஊர் எந்த ஓசையை அழகு என்று கொள்கிறதோ, எதை மங்கலம் என்று முன்னே விடுகிறதோ, எதற்காக விடிய விடியக் கண்விழிக்கிறதோ, அதுவே அந்த ஊரின் இசை அடையாளம். தச்சர் கடையும் மரத்திடமும் தோல் கட்டுபவர் இழுத்துக் கட்டும் தோலிடமும் இன்ன குரல் வேண்டும் என்று கேட்டு வாங்குவது ஊரின் காதுதான். அந்தக் காது பிறவியிலேயே அமைவதில்லை. வழிபாடும் நேர்த்திக்கடனும், உழவு ஓய்ந்த மாதங்களும், திறந்த வெளியும், சாதி வகுத்த எல்லைகளும், பாட்டன் பாட்டி சிலாகித்தவையும் சேர்ந்து அதைப் பழக்குகின்றன. எந்தக் கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது, எந்த மேளத்துக்கு அச்சாரம் கொடுப்பது என்று விழாக் குழு ஆண்டுதோறும் எடுக்கும் முடிவும் அந்தக் காதை வளர்க்கிறது அல்லது மாற்றுகிறது.

இசைக்கும் மண்ணுக்கும் உள்ள இந்த உறவைத் தமிழ் இலக்கணம் மிக முன்பே கண்டுகொண்டது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. பின்வந்த அகப்பொருள் இலக்கணம் இதை விரித்துச் சொல்கிறது. மருத நிலத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழவும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. பெயர்களே செய்தி சொல்கின்றன. நெல் அறுக்க ஒரு கொட்டு, மீன் பிடிக்க ஒரு கொட்டு, ஏறு தழுவ ஒரு கொட்டு. நெல்லும் கரும்பும் விளையும் காட்டேரிக்குப்பமும் கடலோர வீராம்பட்டினமும் ஒரே புதுச்சேரிக்குள் இருந்தாலும் பழைய கணக்கில் இரண்டு திணைகள், இரண்டு முழக்கங்கள்.

இந்த வட்டாரத்தின் காதைப் புரிந்துகொள்ள முதலில் தெருக்கூத்தைக் கேட்க வேண்டும். தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கற்பட்டு, புதுச்சேரி நாட்டுப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே கூத்து நிலம். பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் வயல் வரப்புகளைப்போல மாறி மாறி ஓடிய காலத்திலும் கூத்துக்கு எல்லை இருந்ததில்லை. இரவு சாப்பாடு முடிந்து ஊர் களரியைச் சுற்றி உட்கார்ந்ததும் மிருதங்கமும் டோலக்கும் தாளமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டுகின்றன. இருவர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் சலங்கை மட்டும் கேட்கிறது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் தரித்த வேஷக்காரர், திரை விலகும் முன்பே தம் வருகையைப் படர்க்கையில் பாடுகிறார். இன்னார் வந்தார் என்று அவரே தம்மைப் பற்றிப் பாடுவதால், ஆளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு மரியாதையான இடைவெளி விழுகிறது.

வெளியூர்க் காதுக்கு இந்தப் பாட்டு கத்தல்போலத் தோன்றலாம். கூத்தின் குரல் மேல் ஸ்தாயியில், நெஞ்சைத் திறந்து, நெளிவு குறைத்துப் பாடும் குரல். அதற்கு இணையாக ஒலிக்க வேண்டியே முகவீணை அளவில் சிறுத்து, சுருதியில் உயர்ந்து நிற்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வெட்டவெளியில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் ஒலிபெருக்கி வந்த பிறகும் குரல் இறங்கவில்லை. துரியோதனனும் துரோபதையும் வீட்டு முற்றத்தில் பேசுகிறவர்கள்போலப் பேசக் கூடாது, அவர்கள் குரல் மனிதக் குரலைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற மதிப்பு அதற்குள் இருக்கிறது. வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவது ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் தருகிறது. அதே நேரத்தில் ஒருவரின் துயரம் பலர் வாயில் விழுந்து ஊர்த் துயரமாகிறது.

துரோபதை அம்மன் கோயில் பாரத விழாவில் இந்த மதிப்பு முழுமையாகத் தெரியும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்ல, இரவில் அதே கதையைக் கூத்து நடத்துகிறது. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டே பாடுகிறார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் காத்து நிற்கிறார்கள், மேலிருந்து விழும் பூவும் பழமும் அவர்கள் மடியில் சேர வேண்டும் என்று. படுகளத்தில் மண்ணால் வனைந்த துரியோதனன் நீளக் கிடக்க, அவன் மனைவி பெருந்திருவாள் வேஷத்தில் வருபவர் ஒப்பாரி வைக்கிறார். கெட்டவனுக்கு அழும் அந்தப் பாட்டில் கூடியிருக்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளையும் சேர்த்து அழுகிறார்கள். மாலையில் தீமிதி. இங்கே பாட்டின் தரத்தை அளப்பது கைதட்டல் அன்று. நேர்த்திக்கடன் நிறைவேறியதா, கண் நனைந்ததா, விடியும்வரை கூட்டம் கலையாமல் இருந்ததா என்பவைதான் அளவுகோல்கள்.

அளவுகோல் மாறினால் கலையின் உருவமும் மாறும் என்பதற்கு ஈழத்தில் தெளிவான சான்று உண்டு. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் விடிய விடிய நடப்பவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றபடி, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று தயாரித்தார். வட்டக்களரி ஒரு பக்கம் பார்க்கும் மேடை ஆனது. திரும்பத் திரும்ப வந்த அடிகள் குறைந்தன. நாடக உணர்ச்சி கூர்மை பெற்றது. ஈழத் தமிழரின் அரங்க அடையாளத்துக்கு அது பெரும் கொடை. சடங்குக்குரிய நேரத்தை நாடகத்துக்குரிய நேரமாக மாற்றியதன் விளைவு அது. இரண்டும் வேறு வேறு மதிப்புகள். ஒன்றைக் கொண்டு மற்றதை அளப்பது பிழை.

கூத்துக்கு அடுத்தது பம்பையும் உடுக்கையும். பம்பை என்பது ஒன்றாகப் பிணைத்த இரண்டு முழவுகள். ஒன்று மரம், மற்றது பித்தளை. ஒன்றின் குரல் கனத்தது, மற்றது வெட்டென்று தெறிப்பது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடக்கை விரல்கள் இறுக்கித் தளர்த்த, தோல் விம்மி விம்மிப் பேசுகிறது. ஆடிக் கூழ் ஊற்றும் நாளிலும் மயானக் கொள்ளையிலும் கரகம் ஜோடிக்கும்போது பம்பைக்காரர் அம்மனை வர்ணிக்கிறார். வர்ணிப்பு மெதுவாகத் தொடங்குகிறது, அவள் ஊர், அவள் உடை, அவள் கோபம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது, அடி நெருங்குகிறது, கைச்சிலம்பு குலுங்குகிறது, ஒரு கட்டத்தில் கூட்டத்தில் யாரோ ஒருவர் மேல் சாமி இறங்குகிறது. இராகம் சுத்தமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அழைத்தது வந்ததா என்பதே கேள்வி. இசையைப் பயன்பாட்டால் அளக்கும் இந்த மரபு, வந்தவள் பேசி முடித்ததும் அடியைத் தணித்து அவளை மலையேற்றும் நுட்பத்தையும் பம்பைக்காரரிடம் எதிர்பார்க்கிறது.

பறை என்கிற தப்பு இந்த வட்டாரத்தின் மிகப் பழைய குரல். மரச்சட்டம் மூன்று துண்டுகளைக் கோத்து வளையமாக்கியது. தோல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியது. அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்டுவார்கள். ஈரம் வற்ற வற்றத் தோல் இறுகும். அடிக்கடி விரலால் தட்டிக் காது கொடுத்துப் பார்ப்பார்கள். மந்தமாக இருந்த ஒலி கணீரென்று திரும்பும் நொடியில் தீயிலிருந்து எடுப்பார்கள். ஒரு கையில் பருத்த அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிண்டு. முதலாவது நடுவில் விழுந்து கனத்த ஒலி தரும். இரண்டாவது விளிம்பில் சுளீரென்று வெட்டும். சுருதி சேர்ப்பதில் இவ்வளவு கவனம் தேவைப்படும் கருவியைச் சத்தம் போடும் கருவி என்று சொல்வது அறியாமை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாதி இருக்கிறது. பண்பாட்டு மதிப்பு என்று சொல்லும்போது நல்ல மதிப்புகளை மட்டும் எண்ணுவது பாதி உண்மை. நாகசுரமும் தவிலும் மங்கல வாத்தியம் என்றும் பறை சாவு மேளம் என்றும் பிரித்த மதிப்பும் இந்தப் பண்பாட்டின் உள்ளேதான் பிறந்தது. தோல் இரண்டிலும் தோல்தான். தவிலுக்குக் கோயிலின் உள்ளே இடம், பறைக்குத் தெருவில் இடம் என்பதை ஒலி தீர்மானிக்கவில்லை. அடிப்பவரின் பிறப்பு தீர்மானித்தது. அடித்தவருக்குக் கூலி பேசும் உரிமை இல்லை; வர மறுக்கும் உரிமையும் இல்லை. ஊர் கேட்டு மகிழ்ந்த அதே கொட்டு, கொட்டியவருக்கு இழிவாகத் திரும்பியது.

இதனால்தான் 1990களில் பல தமிழ் ஊர்களில் தலித் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அந்த மறுப்பும் இசை வரலாறுதான். அதே காலத்தில் இன்னொரு பாதையும் திறந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடை ஏற்றியது. மதுரை இறையியல் கல்லூரியில் ஜே. தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கட்டாயத்தால் அடித்த கருவியை விருப்பத்தால் அடிக்கும்போது அதன் பொருள் மாறியது. 2025ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் புதுச்சேரித் தவில் கலைஞர் ப. தட்சணாமூர்த்தியின் பெயரும் மதுரைப் பறை ஆசான் வேலுவின் பெயரும் சேர்ந்தே வந்தன. கோயிலின் உள்ளும் வெளியுமாகப் பிரிந்து கிடந்த இரண்டு கொட்டுகளுக்கு ஒரே தாளில், ஒரே வரிசையில் மரியாதை.

கேட்கும் இடமும் ரசனையும் மாறும்போது கருவியின் உடலே மாறுவதை நாகசுரத்தில் காணலாம். பழைய திமிரி நாகசுரம் குட்டையானது, உச்சக் குரல் கொண்டது, நான்கு மாடவீதிக்கும் கேட்கும். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் இராக ஆலாபனையை உட்கார்ந்து கேட்கும் ரசனை வளர்ந்தபோது, நீண்டு, சுருதி தணிந்து, குழைவு கூடிய பாரி நாகசுரம் மேலோங்கியது. நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் ஆச்சா மரத்தில் அந்தப் புதிய குரலைக் கடைந்து கொடுத்தார்கள். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் வெளியே நின்று கேட்பவரும் சபாவில் உட்கார்ந்து கேட்பவரும் ஒரே கருவியிடம் வேறு வேறு அழகைக் கேட்கிறார்கள்.

சபாவின் அழகு தனி வரலாறு கொண்டது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதமி தோன்றிய காலத்தை ஒட்டி, அமைதியாக அமர்ந்து கேட்பது, நுட்பமான கமகம், இரண்டு மூன்று மணி நேரக் கச்சேரி என்ற ஒழுங்கு நிலைபெற்றது. அங்கே தமிழ்ப் பாடல் ஓரத்தில் நின்றபோது எழுந்ததே தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. அதற்கு முன்பே, 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில், பொருள் தெரியாத பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தைக் கடிந்திருந்தார். தமிழரின் இசை எது என்ற அந்தப் பெரிய வாதம் மொழியைப் பற்றியே சுற்றியது. பம்பையும் தப்பும் முகவீணையும் முன்பே தமிழில்தான் பாடிக்கொண்டிருந்தன; ஆனாலும் அவை அந்த வாதத்தின் நடுவே வரவில்லை. ஊர்க் காதுக்கும் நகரக் காதுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது.

அந்தத் தூரத்தைக் கடந்த ஒருவரின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் நாடகப் பாட்டுகளைக் கர்நாடக இராகங்களில் அமைத்தார். பாத்திரங்களின் வாதங்களை ஊர் மக்கள் வாய்விட்டு ரசிக்கும் சொல்லில் எழுதினார். இன்றும் இசை நாடகம் நடக்கும் ஊர்களில் அவர் பாட்டே பாட்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை அவர் பெயரைத் தாங்குகிறது.

வெளியாரின் காதை அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மண்ணில் பழைய சான்று இருக்கிறது. 1792இல் வந்து 31 ஆண்டுகள் இந்தியாவில் தங்கிய பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துய்புவா, 1816இல் வெளிவந்த தம் நூலில், இந்நாட்டு இசை இந்நாட்டவருக்கு இனிமை தரலாம், மற்றவர் காதுக்குத் தராது என்ற கருத்தை எழுதினார். ஊர் வழக்கங்களைக் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்தவர் அவர். கண் பழகிய அளவுக்குக் காது பழகவில்லை.

இதன் மறுபக்கம் ஆர்மோனியம். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840களில் உரிமம் பெற்ற கருவி அது. நாற்காலியில் அமர்ந்து காலால் துருத்தி மிதித்து வாசித்ததை, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் தரையில் அமர்ந்து கையால் வாசிக்கும்படி மாற்றினார். கமகத்துக்கு ஒவ்வாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை போட்டது. அந்த ஆண்டுகளிலும் தெருக்கூத்துக் களரியில் அது இடம் இழக்கவில்லை. உச்சக் குரலுக்கு விடியும்வரை சுருதி தாங்க ஆள் வேண்டும், ஆர்மோனியம் தாங்கியது. பிறந்த இடத்தைக் கேட்காமல், தன் அழகுக்கு உதவுமா என்று மட்டும் கேட்டு ஊர் அதைச் சேர்த்துக்கொண்டது. இசை அடையாளம் என்பது வெளிப்பொருளை விலக்குவதில் இல்லை. வந்ததைத் தன் காதுக்கு ஏற்ப வேலை வாங்குவதில் இருக்கிறது.

இன்று ஊர்வலங்களில் வரும் புதுமைகளையும் இந்த அளவுகோலிலேயே எடை போட வேண்டும். கேரளத்துச் செண்டை உயர்ந்த கலை. அதன் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் நிதானமாகத் தொடங்கி, 48, 24, 12 என்று பாதி பாதியாகச் சுருங்கி 6இல் முடியும்; அந்தப் படிப்படியான ஏற்றமே அதன் அழகு. தமிழ் ஊர்வலத்தில் சில நிமிடங்களுக்கு அழைக்கப்படும்போது அதன் உச்சச் சத்தம் மட்டும் வருகிறது, ஏற்றம் அதன் ஊரிலேயே தங்கிவிடுகிறது. அடுக்கடுக்கான ஒலிபெருக்கிப் பெட்டிகளில் சினிமாப் பாட்டு அதிர, பக்கத்தில் தவில்காரர் அடிப்பது அவருக்கே கேட்பதில்லை. கோயில் மூலையில் மோட்டார் சுழன்று மணியையும் முரசையும் தட்டும் மின்சார மேளம் இன்னும் வருத்தம் தருவது. தீபாராதனையின் நீளம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். தவில்காரர் அர்ச்சகரின் கையைப் பார்த்து அடியை நீட்டுவார், திரை விலகும் நொடிக்குக் காத்திருந்து உருட்டுவார். இயந்திரம் எதையும் பார்ப்பதில்லை. ஒருவர் பார்த்து வாசிக்கிறார் என்பதே மேளத்தின் பக்தி.

மரபு என்றால் மாறாதது என்ற எண்ணமும் தவறு. கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி வந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை பெண் குழந்தைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் கற்றுத் தந்தது. அந்தப் பெண்கள் கட்டை வேஷம் தரித்துக் களரியில் இறங்கினார்கள். குரல் உயர்ந்தே நின்றது; முகவீணை அதே சுருதியில் ஊதியது; யார் பாடலாம் என்ற மதிப்பு மட்டும் திருந்தியது. அழகைக் காத்து அநீதியை விலக்க முடியும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

இவற்றிலிருந்து விழாக் குழுவின் வேலைகள் தெளிவாகின்றன. கூத்து நடக்கும் இரவில் மற்ற ஒலிபெருக்கிகள் அணைய வேண்டும். கூத்தைப் பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிக்கச் சொல்வதைவிட, ஆண்டுக்கு ஓர் இரவேனும் விடியும்வரை விடுவது நல்லது. ஏனென்றால் அந்தக் கலையின் பாதி அழகு நேரத்தில் இருக்கிறது. மின்சார மேளத்தின் விலையில் உள்ளூர்த் தவில் நாகசுரக்காரரை எத்தனை நாள் அழைக்கலாம் என்று கணக்குப் பார்க்கலாம். பறை வாசிப்பவருக்கு மற்ற மேளத்துக்குரிய அதே கூலி, அதே பந்தி, அதே மாலை கிடைக்க வேண்டும். வருவதும் மறுப்பதும் அவர் விருப்பமாக இருக்க வேண்டும். பம்பையும் தப்பும் முழங்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்த வேண்டும். காது பழகும் வயது அதுதான்.

கடைசியாக அழைப்பிதழ். திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர்கள் வரிசை வரிசையாக அச்சாகின்றன. வாசிப்பவர்களுக்கோ ‘மேளதாளத்துடன்’ என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் நாகசுரக்காரர், தவில்காரர், பம்பைக்காரர், பறைக் குழு, கூத்து ஜமா எல்லோரும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். அடுத்த நோட்டீஸில் அவர்கள் பெயரும் ஊரும் உபயதாரர் பெயரின் அதே எழுத்து அளவில் வரட்டும். ஊர் தன் காதுக்குக் கடன்பட்டவர்களை ஊர் அறிய அச்சில் சொல்வது அங்கிருந்து தொடங்கும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
இவ்வட்டாரத்து இசையின் நலம் நாடுவோர்